நித்யாவோடு நான் போட்ட முதல் சண்டை

கதிர்,

கான்பூர்ல குளிர் ஜாஸ்தின்னு சொன்ன. ஸ்வெட்டரைப் போடு. போட்டுக்கினுதான் இருக்கேன்னு பொய் சொல்லாத, வீடியோ கால்ல எனக்குக் கண்ணு தெரியும். சரி, விஷயத்துக்கு வர்றேன். "முடிவா இன்னா சொல்ற, கல்யாணத்துக்குச் சரியா இல்லியா"ன்னு நித்யாவுக்கு மெசேஜ் போட்டியாம். அவ "உங்க அம்மாவைக் கேளு"ன்னு ஒரே வரி போட்டுட்டு, அதுக்கப்புறம் நீ எவ்ளோ அனுப்பியும் பதிலே இல்லியாம். நீ பதறிப்போய் எனக்கு போன் பண்ற. எடுத்த எடுப்புலயே "அம்மா, நீ மறுபடியும் இன்னா பண்ண?"ங்கற. மறுபடியும்! பெத்தவளைக் கேக்கற கேள்வியாடா இது? கோவத்துல போனை வெச்சுட்டேன். வெச்சதுக்கப்புறம் யோசிச்சுப் பாத்தா, நீ கேட்டதுலயும் தப்பில்ல. போன தடவை நான் பண்ண வேலை அப்படி. அதான் உக்காந்து எழுதுறேன். போன்ல சொன்னா நீ குறுக்க குறுக்கப் பேசுவ, எனக்குக் கோவம் வரும், சொல்ல வந்தது பாதியில நின்னு போகும். பொறுமையா படி. கடைசிப் பக்கத்துக்கு முதல்ல ஓடாத. சின்ன வயசுலேர்ந்து உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

பள்ளிகொண்டாவுக்கு நித்யாவைப் பொண்ணு பாக்கப் போனோமே, அன்னிக்கு நடந்ததுல உனக்குப் பாதிதான் தெரியும். நீ வாசல்ல அவங்க அப்பாகூட நின்னு பஸ் இன்ஜினைப் பத்திப் பேசிட்டிருந்த. அவர் பஸ் டிரைவர், நீ வாய் பொளந்து கேக்கற ஆளு, ரெண்டு பேருக்கும் உலகமே மறந்து போச்சு. அவங்க அம்மா அடுப்படியில. உங்க அப்பாவோ கேசரியை உட்டு கண்ணை எடுக்கல. ஹால்ல நானும் நித்யாவும் எதிரும் புதிருமா. எனக்கு பயம் வந்துடுச்சுடா. ஒரு கிளாஸ் புள்ளைங்களை ஒத்தப் பார்வையில அடக்கறவ நான். பொறந்ததுலேர்ந்து காது கேக்காத ஒரு பொண்ணு முன்னாடி எனக்கு வாய் ஒட்டிக்கிச்சு. சத்தமா பேசணுமா, மெதுவா பேசணுமா, கையை ஆட்டணுமா, ஒரு எழவும் புரியல. சும்மா சிரிச்சேன். அவளும் சிரிச்சா. எவ்ளோ நேரம்தான் ரெண்டு பேர் சிரிச்சிக்கினே இருக்கறது? அவ பாத்தா, தன்னோட போனை எடுத்து, எழுதற எடத்தைத் திறந்து என் கையில கொடுத்துட்டு, எழுதுங்கன்னு ஜாடை காட்டினா.

நான் இன்னா எழுதியிருக்கணும்? சாப்டியாம்மான்னு எழுதியிருக்கலாம். இந்தப் பொடவை நல்லாருக்கு, எங்க எடுத்தன்னு கேட்டிருக்கலாம். இத்தினி வருஷம் இங்கிலீஷ் கிராமர் நடத்தினவ புத்தி எங்க போகும்! "த டெஃப் ஆர் வெரி ஹார்ட்வொர்க்கிங் அண்ட் சின்சியர். ஐ ஆம் வெரி ஹேப்பி"ன்னு எழுதினேன். காது கேக்காதவங்க ரொம்ப உழைப்பாளிங்க, உண்மையானவங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம். அதுக்கு மேல எனக்குப் பெருமை வேற, அவசரத்துல எழுதியும் இலக்கணம் சுத்தமா வந்துடுச்சேன்னு. அவ படிச்சா. மறுபடியும் படிச்சா. அப்புறம் தமிழ்ல டைப் பண்ணி நீட்டினா. "நான் உழைப்பாளி இல்ல ஆன்ட்டி. ரொம்ப சோம்பேறி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூங்குவேன்." நான் ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சேன். அவ சிரிக்கல. காபி டம்ளரை எடுத்துக்கினு உள்ள போய்ட்டா. திரும்பி வரவே இல்ல.

அதுக்கப்புறம் அவ உன்கிட்ட சொன்னதை, நீ கான்பூர் வேலைக்குப் பொட்டி கட்டும்போது என் மூஞ்சியைப் பாக்காம சொன்ன. "உங்க அம்மாவுக்குக் காது கேக்காதவங்களை எல்லாம் பிடிச்சிருக்கு. என்னை அவங்க பாக்கவே இல்ல. எல்லார்கிட்டயும் சண்டை போடுவாங்கன்னு சொன்னியே, என்கிட்ட ஒரே ஒரு தடவை நெஜமா சண்டை போடட்டும். அதுக்கப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்." இதென்னடா கூத்து, ஊர்ல எல்லாம் சண்டைக்காரி மாமியார் வேணாம்னுதானே சொல்லுவாங்கன்னு நான் கத்தினேன். "நல்ல விதமா பேசினாக்கூட குத்தமா?"ன்னு கேட்டேன். நீ பையோட ஜிப்பை இழுத்துக்கினே, "நீ பேசினது பாசம்னு நீ நெனக்கற. அவளுக்கு அது தர்மம் போட்ட மாதிரி இருக்கு. அவ இல்லன்னா எனக்கு வேற யாரும் வேணாம்மா"ன்ன. நீ சும்மா பேச்சுக்கு எதையும் சொல்ற ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும். நீ கெளம்பிப் போனதுக்கப்புறம் வீடே வெறிச்சுன்னு ஆய்டுச்சு. என் வாயால என் புள்ளை வாழ்க்கை நின்னு போச்சேன்னு ரெண்டு நாள் சரியா சாப்பிடல. உங்க அப்பாவைக் கேளு.

அந்த வாக்கியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு உனக்குச் சொல்றேன். வருஷா வருஷம் ஒன்பதாங்கிளாஸுக்கு நான் நடத்தற பாடம் அது. ஒரு குணத்தைச் சொல்ற வார்த்தைக்கு முன்னாடி 'த' போட்டா போதும், அந்தக் குணம் இருக்கற மொத்த ஜனமும் வந்து நிக்கும். ஆளுங்கன்னு தனியா ஒரு வார்த்தை தேவையில்ல, குணமே ஆளா ஆய்டும். த ரிச், த புவர், த சிக், த ஓல்ட், த பிளைண்ட், த டெஃப். புள்ளைங்க ராகம் போட்டுச் சொல்லும். பாதி ஆம்பூரு என்கிட்ட அதைப் பாட்டா படிச்சிருக்கு. எனக்கு அது ரொம்பப் பிடிச்ச பாடம், ஏன்னா சுலபம், யாரும் பரீட்சையில தப்பு பண்ணமாட்டாங்க. ஒரு வார்த்தை மிச்சம் பண்ற வித்தைன்னுதான் நெனச்சேன். அந்த ஒரு வார்த்தைக்குள்ளதான் ஆளே இருக்கான்னு எனக்குத் தோணினதில்ல.

நம்ம வீட்டுல அது இல்லாமலா இருந்துச்சு? உங்க அப்பா ஷூ கம்பெனி கட்டிங் செக்ஷன்ல எத்தினி வருஷம் 'கேசுவல்'. சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டிக்கினே, "இன்னிக்கு நாலு கேசுவலை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, பர்மனென்ட் எல்லாம் தப்பிச்சுது"ன்னு சொல்வாரு. நான் அடுப்படியிலேர்ந்து, கேசுவல் ஒர்க்கர்ஸ்னு முழுசா சொல்லுங்கன்னு திருத்துவேன். "அங்க ஒர்க்கருன்னு சொல்ல யாருக்கு நேரம் இருக்கு, நீ வேற"ன்னு அவர் சிரிப்பாரு. அந்தச் சிரிப்புல சந்தோஷம் கம்மியாத்தான் இருக்கும். அவரை பர்மனென்ட் பண்ண அன்னிக்கு வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னாடி நின்னு தன்னையே பாத்துக்கினு இருந்தாரு. நேத்து இருந்த அதே ஆளுதானே நான்னு கேட்டாரு. நான் போய் பால் பாயசம் வெச்சேன்.

உன் கதையும் இருக்கு. நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது உங்க மிஸ் என்னைக் கூப்பிட்டு, "எங்க கிளாஸ்ல ஏழு பிரைட், அஞ்சு டல், மீதி ஆவரேஜ் மேடம். உங்க பையன் ஆவரேஜ்"ன்னாங்க. நானும் டீச்சர்தான், ஸ்டாஃப் ரூம்ல நானும் அப்படித்தான் பேசுவேன், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா அன்னிக்கு எனக்கு எங்கேர்ந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ. "என் புள்ளைக்கு கதிர்னு ஒரு பேரு இருக்கு. பூரான் பாத்தா அழுவான், கணக்குல வாய்ப்பாடு மறந்துடுவான், அட்டைப் பொட்டியில லாரி பண்ணுவான். இதுல எது ஆவரேஜு?"ன்னு அவங்க டேபிளைத் தட்டிக் கேட்டேன். பாவம், அந்தம்மா சேரைப் பின்னாடி தள்ளிக்கினு உக்காந்தாங்க. வெளிய வந்தப்புறம் நீ என் கையைப் பிடிச்சிக்கினு, "அம்மா, பூரானைப் பத்தி ஏம்மா சொன்ன?"ன்னு அழுத. பாரு, என் புள்ளைன்னு வந்தா எனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அடுத்த வீட்டுப் பொண்ணு எதிர்ல உக்காந்தப்பதான் 'த டெஃப்' வந்து வாயில உக்காந்துக்கிச்சு.

சரி, சண்டைதானே போடணும், அது நமக்குக் கை வந்த கலையாச்சேன்னு இறங்கினேன். நித்யாவை ஒரு ஞாயித்துக்கிழமை ஆம்பூருக்கு வரச் சொன்னேன். கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடதான் வந்தா. டீ போடுன்னு அவளையே போடச் சொன்னேன். ஒரு வாய் குடிச்சுட்டு, டம்ளரை டொக்குன்னு வெச்சு, "சக்கரை கம்மி! இதுவா டீ?"ன்னு போன்ல எழுதி, கூடவே செவந்த மூஞ்சி பொம்மையெல்லாம் போட்டு நீட்டினேன். அவ போனைப் பாக்கல, என் மூஞ்சியைப் பாத்தா. அப்புறம் எழுதினா. "நடிக்காதீங்க ஆன்ட்டி. உங்க புருவத்துல கோவமே இல்ல." உங்க அப்பா சிரிச்ச சிரிப்புல டீ மூக்குல ஏறிடுச்சு.

அதுக்கப்புறம் சில ஞாயிறு அவ இங்க வந்தா, சில ஞாயிறு நான் அங்க போனேன். நெஜமாவே சோம்பேறிடா உன் ஆளு! கட்டில்ல உக்காந்தா எழுந்திரிக்க மாட்டா. நகம் கடிப்பா. பேய்ப் படம்னா உயிரு. என் உதட்டைப் பாத்தே நான் பேசறதுல பாதியைப் புரிஞ்சுக்கவும் பழகிட்டா. கம்பெனியில கம்ப்யூட்டர்ல ஷூவுக்கு டிசைன் போடறாளே, ஆர்டர் குடுத்த பையரு கடைசி நேரத்துல ஷூ மூக்கு வளைவை மாத்தச் சொன்னா அவ பண்ற ரகளையை எனக்கு நடிச்சுக் காட்டினா, நான் வயிறு வலிக்க சிரிச்சேன். இதெல்லாம் நடந்துச்சு. ஆனா சண்டை மட்டும் வரல. என் சாம்பாரைத் தொட்டுப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சா. வேற யாராவது செஞ்சிருந்தா நான் விட்டிருப்பேனா? அவகிட்ட, பரவால்லம்மா, தயிர் போட்டுக்கோன்னேன். கேரம் ஆடினோம். என் ஆட்டம் உனக்குத் தெரியும். ஆனா அவளை ஜெயிக்க விட்டேன். ரெண்டாவது ஆட்டத்துலயே கண்டுபிடிச்சுட்டா. ஸ்ட்ரைக்கரைத் தட்டிவிட்டு, பையை எடுத்துக்கினு பஸ் ஏறப் போய்ட்டா. அன்னிக்கு சாயங்காலமே அவங்க அப்பா போன் பண்ணாரு. "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ளை வேணாம்னுதான் சொல்லப்போவுது போல. உங்க வீட்ல அவளைக் கண்ணாடிப் பொருளாட்டம் வெச்சுப்பீங்களோன்னு பயப்படுது"ன்னாரு. மனுஷன் குரலே உள்ள போய்டுச்சு.

நடுவுல இன்னொண்ணு. எங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர் இருக்காளே, அவ ஒரு நாள் என் கையைப் பிடிச்சிக்கினு, "உங்க பையன் கிரேட் மேடம், எவ்ளோ பெரிய மனசு, அந்த மாதிரிப் பொண்ணுக்கு வாழ்க்கை குடுக்கறானே"ன்னா. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். "இன்னாத்தக் குடுக்கறான்? அவ சரின்னு சொல்லணுமேன்னு அவன்தான் கான்பூர்ல தூக்கம் வராம பெரண்டுக்கினு கெடக்கறான்"ன்னேன். கதிர், இதை நல்லா மனசுல வெச்சுக்கோ. நாளைக்குக் கல்யாணம்னு ஒண்ணு ஆச்சுன்னா ஊரே உனக்கு ஒரு பட்டம் குடுக்கும். நல்லவன், தியாகி, பெரிய மனசுக்காரன். அதை வாங்காத. வாங்கி மாட்டிக்கினா, நீ அவகிட்ட கோவப்பட முடியாது, பாத்திரம் கழுவுற முறை யாருதுன்னு வாதாட முடியாது. பட்டம் வாங்கினவன்கூட எவளுக்கும் குடும்பம் நடத்த வராதுடா. கடைக்காரன் அவளை உட்டுட்டு உன் மூஞ்சியைப் பாத்து, "அவங்களுக்கு இன்னா கலர் வேணும்?"னு கேட்டா, நீ பதில் சொல்லாத. அவ பக்கம் கையைக் காட்டு. நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணும்னு இல்ல, என்னைவிட உனக்கு அது நல்லாவே தெரியும். இருந்தாலும் பெத்தவ, சொல்லாம இருக்க முடியல.

இப்ப போன ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். விரிஞ்சிபுரத்துல நித்யாவோட தோஸ்த் ஒருத்தி புது வீடு கட்டி கிரகப்பிரவேசம் வெச்சிருந்தா. கேரம் ஆட்டத்துக்கப்புறம் பேச்சு வார்த்தையே இல்லாம இருந்தவ, எனக்கு ஒரு மெசேஜ் போட்டா. "வர்றீங்களா ஆன்ட்டி? என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் வருவாங்க." இதுதான் கடைசி தடவைன்னு எனக்குப் பட்டுது. நல்ல பட்டுப்பொடவை கட்டிக்கினு, பஸ் புடிச்சு பள்ளிகொண்டாவுல எறங்கினேன். பஸ் லேட்டு. அவ ஸ்கூட்டியோட நின்னுக்கினு வாட்சைப் பாக்கறா. ஏறி உக்காந்தேன். ஹைவேல ஏறினதும் அவ நேரா போய் யூ-டர்ன் எடுத்திருக்கணும். யூ-டர்ன் தூரம்னுட்டு, பெட்ரோல் பங்க் ஓரமா ராங் சைடுல வண்டியை உட்டுட்டா! எதிர்ல ஒரு லாரி, மலையாட்டம். ஹாரன் அடிக்கறான், அடிக்கறான், நான் அவ இடுப்பை இறுக்கிப் புடிச்சிக்கினேன். அவ பாட்டுக்கு அலட்டிக்காம ஓரத்துல மண்ணுல எறக்கி, லாரியைப் போக உட்டுட்டு, மறுபடியும் ராங் சைடுலயே கெளம்பறா. நான் அவ தோள்ல ஓங்கி ஒண்ணு உட்டேன். வண்டி நின்னுச்சு. எறங்கினேன்.

எறங்கினேனா, அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல. அவ கண்ணுக்கு நேரா போய் நின்னேன். "அறிவிருக்காடி உனக்கு? ராங் சைடுல போறியே, பஸ் டிரைவர் பெத்த பொண்ணாடி நீ? அவரு எத்தினி வருஷமா ஒரு கோழிக்குஞ்சு மேல வண்டி ஏத்தாம ஓட்றாரு, நீ பத்து நிமிஷம் மிச்சம் பண்றதுக்கு சாவப் பாக்கறியே! எனக்கு ஆனாக்கூட பரவால்ல, வயசாச்சு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் புள்ளைக்கு நான் இன்னாடி பதில் சொல்லுவேன்?" கை ஒரு பக்கம், புருவம் ஒரு பக்கம், பொடவை முந்தி ஒரு பக்கம் பறக்குது. அவ ஹெல்மெட்டைக் கழட்டினா. முகம் செவந்து போச்சு. கையால படபடன்னு என்னமோ சொல்றா, தொண்டையிலேர்ந்து சத்தம் வேற. எனக்குப் புரியலன்னதும் போனை எடுத்து அடிச்சா. "எல்லாரும் இப்படித்தான் போறாங்க! நீங்க லேட்டா வந்தீங்க, அதனாலதான் அவசரம்! பட்டுப்பொடவை கட்டவே ஒரு மணி நேரம் ஆக்கியிருப்பீங்க!" பொடவையைச் சொல்லிட்டாளே! போனை அவ கையிலேர்ந்து புடுங்கினேன். "நான் லேட் இல்ல பஸ் லேட் எல்லாரும் கெணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா நீ ஒரு அடங்காப்பிடாரி சோம்பேறி யூ டர்ன் வரைக்கும் போக ஒனக்கு ஒடம்பு வணங்கல." கால் புள்ளி இல்ல, அரைப் புள்ளி இல்ல, எழுத்துப் பிழை வேற. கிராமர் டீச்சர் எழுதின லட்சணத்தைப் பாரு.

பக்கத்துல டீக்கடை. கடைக்காரரு நல்ல மனுஷன்தான், மனசு கேக்காம வந்தாரு. "உடும்மா, பாவம். அது செவிடு. அதுகிட்டப் போய் இப்படிக் கத்திக்கினு"ன்னாரு. நான் திரும்பினேன். "காதுதானேய்யா கேக்காது, கண்ணு நல்லாத்தானே தெரியும்? அம்மாம் பெரிய லாரி வருது! செவிடாம் செவிடு. இவ செவிடு இல்லய்யா, திமிரு! தலையிலேர்ந்து கால் வரைக்கும் திமிரு! இவளைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? நீ போய் டீயை ஆத்து." அவரு பாட்டுக்கு உள்ள போய்ட்டாரு. நித்யா என் தோளைத் தட்டி, அவர் இன்னா சொன்னாரு, நீங்க இன்னா சொன்னீங்கன்னு கேட்டா. நான் இருந்த சூட்டுல ஒரு வார்த்தை உடாம டைப் பண்ணிக் குடுத்தேன். படிச்சா. படிச்சுட்டு அப்படியே ரோட்டோரக் கல்லுல உக்காந்து சிரிக்கறா, சிரிக்கறா, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "சிரிக்காதடி, வண்டியைத் திருப்பு"ன்னு நான் இன்னும் கத்திக்கினுதான் இருந்தேன். சத்தியமா சொல்றேன் கதிர், அவ போட்ட நிபந்தனை அந்த நேரத்துல எனக்கு நெனப்புலயே இல்ல. வண்டியை பங்க் வரைக்கும் தள்ள வெச்சேன், யூ-டர்ன் வரைக்கும் போக வெச்சேன். போற வழியெல்லாம் அவ முதுகு குலுங்கிக்கினே இருந்துச்சு.

விரிஞ்சிபுரத்துல அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா, கூடத்துல இருபது முப்பது பேரு, எல்லார் கையும் பேசுது. சத்தமே இல்ல, ஆனா அப்படி ஒரு அரட்டை! நான் மட்டும் முழிச்சிக்கினு நின்னேன். வீட்டுக்காரப் பொண்ணோட தங்கச்சிக்குக் காது கேக்கும், கைப் பேச்சும் தெரியும். அவ எனக்குத் துணைக்கு உக்காந்தா. அவங்களுக்குள்ள ஆளுக்கு ஒரு கைப்பேரு இருக்குன்னு சொன்னா. ஒருத்திக்கு சுருட்டை முடி, அதனால காது பக்கம் விரலைச் சுத்தினா அது அவ பேரு. கன்னத்துல குழி இருக்கறவனுக்குக் கன்னத்துல ஒரு குத்து. நம்ம நித்யாவுக்கு, கையில தலையைச் சாச்சுத் தூங்கறது! பள்ளிக்கூடத்துல தூங்கித் தூங்கி வாங்கின பேராம். எனக்கு சிரிப்பும் வந்துச்சு, உறுத்தலும் வந்துச்சு. "ஏம்மா, ஒரே ஒரு விஷயத்தை எடுத்து ஆளுக்குப் பேரா வெச்சா கஷ்டமா இருக்காதா? நம்மள ஒருத்தர் குண்டுன்னு கூப்பிட்டா சண்டைக்குப் போவோமே"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு, "தெரியாதவங்களுக்கு வெக்க மாட்டாங்க ஆன்ட்டி. கூடப் பழகி, நல்லா பாத்து, நம்ம ஆளுதான்னு ஆனாத்தான் கைப்பேரு வெப்பாங்க. அதுவரைக்கும் எழுத்து எழுத்தா விரல்லதான் சொல்வாங்க"ன்னா.

சாப்பாட்டுக்கு இலை போடற நேரம். சுருட்டை முடிக்காரி என்னைக் காட்டி, இது யாருன்னு நித்யாவைக் கேட்டா. நித்யா என்னை ஒரு பார்வை பாத்தா. அப்புறம் ஒரு புருவத்தைத் தூக்கி, ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேரா ரெண்டு தடவை ஆட்டினா. அச்சு அசலா நான்டா! கூடமே சிரிச்சுது, ஒவ்வொருத்தரா அதையே செஞ்சு பாத்தாங்க. கோவக்காரின்னு எனக்குக் கைப்பேரு வெச்சுட்டா கழுதை. எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, உங்க அப்பா தாலி கட்டின அன்னிக்குக்கூட அவ்ளோ பேர் மத்தியில நான் அப்படிக் கூச்சப்பட்டதில்ல. கண்ணு நெறைஞ்சு போச்சு. சுருட்டை முடிக்காரி உடல, மறுபடியும் ஏதோ கேட்டா. நித்யா முதல்ல என் புதுக் கைப்பேரைப் போட்டா, பின்னாடியே கையால இன்னொண்ணு சொன்னா. அது எனக்குப் புரியல. "அது இன்னாம்மா?"ன்னு தங்கச்சிக்காரியைக் கேட்டேன்.

"'இது என் மாமியார்'னு சொல்றாங்க ஆன்ட்டி"ன்னா.

இதுதான்டா நீ கேட்ட பதில். அவங்க அப்பா மறுநாளே உங்க அப்பாகிட்ட பேசிட்டாரு, தை மாசத்துல நல்ல நாள் பாக்கச் சொல்லியிருக்கு. லீவுக்கு இப்பவே எழுதிக் குடு. நித்யாவும் நானும் நேத்து முகூர்த்தப் பொடவை பாக்க வேலூர் போய்ட்டு, ஆளுக்கு ஒரு கடைன்னு முறைச்சிக்கினு, ஒண்ணும் எடுக்காமலே திரும்பி வந்தோம். எனக்கு அரக்கு, அவளுக்கு என்னமோ சாம்பல் கலராம், கல்யாணத்துக்கு யாராவது சாம்பல் கட்டுவாங்களா? உன்னை பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவா. நீ அதுல தலையிடாத, நாங்க பாத்துக்கறோம்.

அம்மா